சாமிக்கண்ணு உட்கார்ந்த மணல் பெட்டி

நான் சொல்லப்போவது நடந்த கதை. ஆள் நிஜம், ஊர் நிஜம், பெட்டியும் நிஜம். சிதம்பரத்தில் பஞ்சர் கடை வைத்திருக்கும் நாசரிடம் அப்படித்தான் ஆரம்பித்தேன். அவர் டியூபைத் தண்ணீர்த் தொட்டியில் அமுக்கிக்கொண்டே என்னை ஒரு பார்வை பார்த்தார்.

"சத்தியமா?"

"பத்துக்கு ஏழு சத்தியம் மாமா. மிச்சம் மூணு வழியில ஏறுனது. வண்டில எடம் இருந்துச்சி, ஏத்திக்கிட்டேன்."

பள்ளிக்கூட வேன் ஓட்டுகிற ஆரோக்கியராஜ், டயர் தயாராகும் வரை எங்கேயும் போக முடியாது. பெஞ்சில் நன்றாகச் சாய்ந்துகொண்டான். "எது ஏழு, எது மூணுன்னு நாங்க பாத்துக்கறோம். நீ சொல்லு மச்சான்" என்றான். சொன்னேன்.

கடலூருக்குத் தெற்கே செம்மங்குப்பத்தில் சாமிக்கண்ணு என்று ஒருவர். அவர் மனைவி லோகநாயகி மாவு மில் வைத்திருக்கிறார். மில்லுக்கு முதலாளி அந்த அம்மா. சாமிக்கண்ணு அங்கே வேலைக்காரர் மாதிரி, ஆனால் சம்பளம் கிடையாது.

மனுஷன் கல்யாணத்துக்கு முன்னால் பன்னிரண்டு வருஷம் ரைஸ் மில்லில் பாய்லருக்கு உமி தள்ளியவர். உமி போட்டால் நெருப்பு, நெருப்பு இருந்தால் ஆவி, ஆவி வந்தால்தான் நெல் வேகும். உமி தள்ளுகிறவன் பீடி பிடிக்க ஒதுங்கினால் ஆவி இறங்கிவிடும், மேஸ்திரி வாயில் இருந்து வேறு ஆவி கிளம்பும். அதனால் உலகத்தில் எது சூடாக இருந்தாலும், எது ஓடினாலும், அவருக்கு வருகிற கேள்வி ஒன்றுதான்: "இதுக்கு எவன் தீனி போட்டான்?"

அந்தக் கேள்வி முற்றி முற்றி சந்தேகமாகிவிட்டது. எதைப் பார்த்தாலும் தொட்டுப் பார்ப்பார். பக்கத்து வீட்டுத் தண்ணி மோட்டாரைத் தொடுவார். "சுடுது. இப்பதான் ஓடியிருக்கு. தண்ணியே வரலன்னு பொய் சொல்றானுவ." டீக்கடை ஸ்டூலைத் தொடுவார். "இங்க ஒருத்தன் இவ்ளோ நேரம் உக்காந்துட்டு, என்னைப் பாத்ததும் எழுந்து போயிருக்கான். யாரு அவன்?" மச்சான் வீட்டுக்கு விருந்துக்குப் போனால் முதலில் அடுப்பைத் தொடுவார். அடுப்பு ஆறியிருந்தால் நேற்று வைத்த குழம்பு என்று முடிவு. தண்டவாளத்தில் கை வைத்து, போன ரயிலில் எத்தனை பேர் டிக்கெட் எடுக்கவில்லை என்றுகூடச் சொல்வார்.

"இது மூணுல ஒண்ணு" என்றான் ஆரோக்கியராஜ். நான் மறுக்கவில்லை.

ஒருநாள் டி.வி. பெட்டியின் முதுகைத் தொட்டார். சுட்டது. லோகநாயகி மத்தியானம் முழுக்க மில்லில் மிளகாய் காயவைத்ததாகச் சொல்லியிருந்தார்.

"நீ சீரியல் பாத்துருக்க."

"பாக்கல."

"அப்ப இதுக்கு எவன் தீனி போட்டான்?"

மூன்று நாள் வீட்டில் சோறு பொங்கவில்லை, சண்டைதான் பொங்கியது. நாலாவது நாள் அந்த அம்மா அவர் சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டுபோய் மேற்கு ஜன்னலைக் காட்டினார். சாயங்கால வெயில் நேராக டி.வி. முதுகில் விழுந்துகொண்டிருந்தது. சூரியன்தான் சீரியல் பார்த்திருக்கிறது.

"யோவ், இனிமே உன் கை எதையாச்சும் தொட்டு சோதிச்சிதுன்னு வெய்யி, மில்லு வாசல்ல காலு வெக்காத. உன்ன நம்பி ஒரு பொருள் சூடா இருக்க முடியல இந்த வீட்ல."

அன்றிலிருந்து மனுஷன் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நடந்தார். பார்க்கிறவர்கள் ஹெட்மாஸ்டர் என்று நினைத்து வணக்கம் போட்டார்கள்.

அப்புறம் ‘தானே’ என்று பேர் வைத்த அந்தப் புயல் வந்தது. 2011 டிசம்பர் முடிகிற நேரம். கம்பம் எல்லாம் படுத்துவிட்டது. எங்கள் பக்கம் கரண்ட் என்ற சொல்லையே பிள்ளைகள் மறந்துவிட்டார்கள். பொங்கல் வருகிறது, ஊரே அரிசியும் மிளகாயும் தூக்கிக்கொண்டு நிற்கிறது. அந்தச் சுற்றுவட்டாரத்தில் ஓடிய ஒரே மில் லோகநாயகியுடையது. காரணம், மூலையில் கிடந்த பழைய ஆயில் எஞ்சின். டீசல் குடிக்கும், எருமை மாதிரி கத்தும், கரும்புகை கக்கும். ஆனால் ஓடும். அது இருந்தால் வீட்டில் அடுப்பு எரியும். அது போனால் இரண்டு பேரும் ஊரைப் பார்த்துக் கை ஏந்த வேண்டியதுதான். டீசலுக்குக் கேனைத் தூக்கிக்கொண்டு வரிசையில் நின்று நின்று அந்த அம்மாவுக்கு முட்டி தேய்ந்துவிட்டது.

அந்த நேரம் பார்த்து செம்பியன் வந்தான். வெள்ளைச் சட்டை, பாக்கெட்டில் நாலு பேனா, ஸ்ரீமுஷ்ணம் பக்கம் என்றான். குட்டி யானை என்கிற சின்ன சரக்கு வண்டியில் ஆள் உயரத்துக்கு ஒரு இரும்புச் சக்கரம். சக்கரத்துக்கு இந்தப் பக்கம் மோட்டார், அந்தப் பக்கம் டைனமோ. அடியில் தகரப் பெட்டி, அதற்கு மஞ்சள் துணி, சந்தனம், குங்குமம்.

நான் அன்றைக்கு இரண்டு படி அரிசியோடு அங்கே நின்றேன். நூறு பேர் நின்றார்கள். சரி, இருபது பேர்.

"டீசல் வேணாம், கரண்ட் வேணாம்" என்றான் செம்பியன். "மோட்டார் சக்கரத்த சுத்தும். சக்கரம் டைனமோவ சுத்தும். டைனமோ மோட்டாருக்கு கரண்ட் குடுக்கும். மிச்ச கரண்ட் ஒங்களுக்கு."

கையால் சக்கரத்தை ஒரு உந்து உந்தி, எங்கேயோ ஒரு பட்டனைத் தட்டினான். சக்கரம் சுற்றியது. நாலு குண்டு பல்பு பளிச்சென்று எரிந்தது. இரண்டு வாரமாக பல்பைப் பார்க்காத ஜனம் கன்னத்தில் போட்டுக்கொண்டது.

"காசு வேணாம்மா. அந்தப் பழைய எஞ்சினக் குடுங்க, இத எடுத்துக்குங்க."

லோகநாயகியின் முகமும் பல்பு மாதிரி ஆகிவிட்டது. ஆறு பேர் சேர்ந்து ஆயில் எஞ்சினைத் தூக்கி குட்டி யானையில் ஏற்றினார்கள். கயிறு கட்ட ஆரம்பித்தார்கள்.

சாமிக்கண்ணு பின்னால் கட்டிய கையோடு முன்னால் வந்தார். "தம்பி, டீசலே வேணாங்கிற. அப்புறம் டீசல் எஞ்சின எடுத்துட்டுப் போயி நீ என்னா பண்ணுவ?"

"மியூசியத்துல வெப்பேன் ஐயா."

எல்லோரும் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. "சக்கரத்துக்கு எவன் தீனி போடறான்?"

"அதுவே போட்டுக்கும்."

"அதுவே சமைச்சி, அதுவே தின்னு, மிச்சத்த நமக்கும் குடுக்குமா? எங்க ஊட்ல கூட அப்படி ஒருத்தி இல்லயே."

"யோவ்!" என்றார் லோகநாயகி.

சாமிக்கண்ணுவின் முதுகுக்குப் பின்னால் ஒரு கை இன்னொரு கையைப் போலீஸ்காரர் மாதிரி பிடித்துக்கொண்டிருக்கிறது. எதையும் தொடக்கூடாது. வண்டிக்காரர் கடைசி முடிச்சைப் போடுகிறார். மனுஷன் சுற்றிலும் பார்த்தார். பிறகு போய், மஞ்சள் துணி போட்ட தகரப் பெட்டி மேல் சப்பென்று உட்கார்ந்துவிட்டார்.

செம்பியன் பதறினான். "ஐயா, எழுந்திரிங்க! பூஜை போட்ட பொட்டி!"

"உள்ள என்னா?"

"மணல்தான். சக்கரம் ஆடாம இருக்கறதுக்கு வெயிட்டு."

சாமிக்கண்ணு இடம் வலமாக ஒருமுறை அசைந்து உட்கார்ந்தார். "மார்கழிப் பனி, காலைல எட்டு மணி, கூரை நெழலு. இதுல மணலு ஏன்டா சுடுது?"

"நீ உக்காந்தா எதுதான்யா சுடாது" என்றார் லோகநாயகி. "டி.வி.ல வெயிலு அடிச்சதையே என் தலையில கட்டுன ஆளு நீ. இது உன் சூடுதான். எழுந்திரி."

"என் சூடு எனக்குத் தெரியாதா? இது உள்ளேர்ந்து வருதுடி. எஞ்சின் போச்சின்னா நாம போனோம்."

அந்த வார்த்தையில் அந்த அம்மா கொஞ்சம் நின்றார். வீட்டுக்காரரை நம்பவில்லை. ஆனால் செம்பியன் நெற்றியில் பனிக்காலத்தில் வேர்வை முத்துமுத்தாக நிற்பதையும் பார்த்துவிட்டார். இரண்டு பேர் மேலும் சந்தேகம் வந்துவிட்டால் பெண்பிள்ளைகள் என்ன செய்வார்களோ அதைச் செய்தார். இரண்டு பேரையும் நிற்கவைத்தார்.

"எழுந்து வா. அந்தக் காலி மாவு டின்னு மேல உக்காரு. அதுவும் தகரம்தான், அதுவும் நெழல்லதான் இருக்குது. நூறு எண்ணு. அப்புறம் எழுந்திரி, எல்லாரும் டீ குடிக்கலாம். உன் சூடா இருந்தா ரெண்டும் ஆறிடும். மொதல்ல உக்காந்தது மொதல்ல ஆறணும்."

சாமிக்கண்ணு டின் மேல் உட்கார்ந்து சத்தமாக எண்ணினார். ஊரும் கூட எண்ணியது. எழுபதுக்குப் பிறகு அவருக்கு எண்ணிக்கை தடுமாறி மறுபடி அறுபதுக்குப் போனார்.

"நல்ல நேரம் போவுதும்மா" என்று செம்பியன் பட்டன் பக்கம் கையை நீட்டினான். "மிஷினுக்குக் கொஞ்சம் ரெஸ்ட் குடுப்போம்."

"தீனிய அதுவே போட்டுக்கும்னியே தம்பி. ஓடட்டும். கைய எடு" என்றார் லோகநாயகி.

டீ வந்தது. குடித்தோம். இரண்டாவது டீயும் வந்தது. லோகநாயகி எழுந்து முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு, புறங்கையை மாவு டின்னில் வைத்தார். ஜில்லென்று இருந்தது போல. பிறகு மஞ்சள் துணியை விலக்கி, தகரப் பெட்டியில் வைத்தார். வெடுக்கென்று எடுத்தார்.

"தோசை ஊத்தலாம் போலருக்கு" என்றார்.

எல்லோரும் அந்தப் பெட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, எனக்குப் பக்கத்தில் நின்ற ஒரு பொம்பளை "பல்பப் பாருங்கடி" என்றது. நாலு பல்பும் வெள்ளையில் இருந்து மஞ்சளாகி, மஞ்சளில் இருந்து பழுத்த மிளகாய் நிறத்துக்கு வந்திருந்தது. சக்கரம் பெருமூச்சு விட்டுக்கொண்டு மெதுவாகச் சுற்றியது. ஒரு சுற்று. அரைச் சுற்று. நின்றது.

"புயலடிச்ச ஈரக் காத்து. அதான்" என்றான் செம்பியன்.

அதற்குள் லோகநாயகி மிளகாய் மூட்டை குத்துகிற கம்பியை எடுத்துப் பெட்டியின் மூடியை நெம்பிவிட்டார். உள்ளே மணல் ஒரு பிடிகூட இல்லை. இரண்டு லாரி பேட்டரி, ஒரு இன்வர்ட்டர், சக்கரத்தின் இரும்புக் காலுக்குள் ஒளித்துக் கொண்டுபோன வயர். இன்வர்ட்டர் சட்டி மாதிரி கொதித்தது.

"இதுல கரண்ட எங்கடா ரொப்புன?" என்று சாமிக்கண்ணு கேட்டார்.

"எங்க ஊர்ல கரண்ட் வந்துடுச்சி" என்று முனகினான் செம்பியன்.

"அப்ப தீனிய அங்க போட்டுட்டு வந்து, சாணிய இங்க காட்டியிருக்க. வழியெல்லாம் சூடா ஒழுகுனது போக மிச்சம் ரெண்டு டீ நேரம்தான் வந்துருக்கு."

ஆறு பேர் ஏற்றிய எஞ்சினை அறுபது பேர் இறக்கினார்கள். டீசல் ஊற்றி, கைப்பிடியைச் சுழற்றியதும் அது கத்திய கத்தல் கடலூர் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கேட்டது. என் அரிசி மாவாகிவிட்டது.

நான் கதையை முடித்துத் தொண்டையைக் கனைத்தேன். நாசர் டியூபை வெளியே எடுத்துவிட்டு, யோசனையோடு சொன்னார். "எல்லாம் சரி. அந்தப் பையன் ஏமாத்துக்காரன்தான். ஆனா சக்கரம் சின்னது. ரெண்டு மடங்கு பெருசா, அச்சுல பால்ரஸ் குண்டு நல்லதா போட்டிருந்தா பேட்டரியே தேவைப்பட்டிருக்காது."

ஆரோக்கியராஜ் நிமிர்ந்து உட்கார்ந்தான். "மாமா, இவ்ளோ நேரம் எத கேட்ட? பெருசா இருந்தா பெருசா நிக்கும். அவ்ளோதான்."

"முப்பது வருஷமா சக்கரத்தோட குடும்பம் நடத்துறேன். எனக்கு சொல்லித் தர்றியா?" நாசர் மாட்டியிருந்த ஒரு சைக்கிள் சக்கரத்தை ஓங்கிச் சுற்றிவிட்டார். "பாரு. பாரு, எவ்ளோ ஜாஸ்தி சுத்துது."

மூன்று பேரும் பார்த்தோம். சுற்றியது. நின்றது.

"பால்ரஸ் பழசு" என்றார் நாசர்.

ஆரோக்கியராஜ் கண்ணைச் சுருக்கினான். "ஏன் மாமா அதுக்கு இப்படிப் பரிஞ்சு பேசற? யாராச்சும் இங்க வந்தானா?"

"வந்தா என்னா?"

"எவன்?"

"இவன் வேற ஆளுடா. இவன் சேத்தியாத்தோப்பு. தொழுகையெல்லாம் முடிச்சி வந்து நிதானமா நின்னு கேட்டேன், எல்லாத்துக்கும் பதில் சொன்னான். நாளைக்குக் காலைல வர்றான்."

"அதுக்குப் பதிலா எதக் குடுக்கற?"

நாசர் டியூபை உதறினார். "காத்தடிக்கிற கம்ப்ரசர."

"அது என் தம்பி ஒனக்கு எரவலா குடுத்ததுய்யா!"

"திருப்பித் தர மாட்டேன்னு சொன்னனா? அவனுக்கும் சேத்து ஒரு சக்கரம் வாங்கித் தரேன்னுதான் சொல்றேன்."

"அவன வர வேணாம்னு இப்பவே சொல்லு" என்று ஆரோக்கியராஜ் பாய்ந்து அவர் சட்டைப் பையில் இருந்த போனைப் பிடுங்கினான். நாசர் அவன் காலரைப் பிடித்தார். நான் நடுவில் போனேன். பெஞ்சு சாய்ந்தது, தண்ணீர்த் தொட்டி கவிழ்ந்தது.