மாமாவின் விலகல் கடிதமும் என் எதிர்ச்சொற்களும்

செங்கலடி பஸ்ஸில் பக்கத்து இருக்கைக்காரர் முழங்காலுக்கு எண்ணெய் பூசிக்கொண்டு ஏறியிருந்தார். வேப்பெண்ணெய், கற்பூரம், கொஞ்சம் வேர்வை. மூக்கு சும்மா இருக்குமா? என்னை இழுத்துக்கொண்டுபோய் மாமாவின் விறாந்தையில் போட்டது.

அம்மாவின் அண்ணன் அவர். அப்போது வாவிக்கரையில் உள்ள எங்கள் கோயிலின் வண்ணக்கர். திருவிழா, திறப்புக்கொத்து, சண்டை எல்லாவற்றுக்கும் பொறுப்பு. எங்கள் பக்கத்தில் அந்தப் பதவி மகனுக்குப் போகாது. தாய்வழிக் குடிக்குள்ளேயே நிற்கும். மாமனுக்குப் பிறகு மருமகன். அதாவது நான். ஐம்பது வயதிலும் எந்த பஸ் முதலில் வருகிறதோ அதில் ஏறுகிறவன். கல்குடாவில் கடல் பார்க்கப் போய் மூன்று நாள் கழித்து வீடு திரும்புகிறவன். வண்ணக்கரானால் நினைத்தபடி ஊரை விட்டு அசைய முடியாது. யாருக்கு முதல் மரியாதை என்ற சண்டையின் நடுவில் வருடம் முழுக்கக் குந்தியிருக்க வேண்டும்.

போன வருடம், கொடியேற்றத்துக்கு ஒரு மாதம் இருக்கையில் மாமா கூப்பிட்டனுப்பினார். முழங்காலில் எண்ணெய் மினுங்கியது.

"ஏலா மனே. சாமியோட ஊர் சுத்த இந்தக் காலுக்கு ஏலா. விடப்போறன். நீ பெரிய எழுத்தாளன்தானே, ஒரு கடிதம் எழுதித் தா."

"சாமியே அடுத்தவன்ட தோள்ல ஏறித்தான் மாமா ஊர் சுத்துது. நீங்க ஒரு கதிரையில இருந்து பாத்தாப் போதாதா?"

"அப்ப அந்தக் கதிரைய நீ தூக்கு. எழுதடா!"

எழுதினேன். விலகுவதற்குத் தமிழில் எத்தனை சொல் இருந்தாலும் எல்லாம் மெலிந்தவை, வாசலைப் பார்த்துக்கொண்டே நிற்பவை. எதிர்ப்பக்கத்துச் சொற்களோ கொழுத்த வாவி நண்டுகள்: இரு, நில், தொடர், தாங்கு, பற்று, ஏல். தொட்டால் விரலைக் கவ்வும். என் சுதந்திரம் போகப்போகிறது என்றதும் கூடையோடு அத்தனை நண்டையும் கடிதத்தில் கொட்டினேன். 'முழங்கால் நொந்தாலும் தொண்டில் தளரேன். குடிசனம் விரும்பும்வரை பதவியில் தொடர்ந்து நிலைத்திருப்பேன்.' மாமாவுக்குக் கண்ணாடி இல்லாமல் எழுத்துத் தெரியாது. கண்ணாடியைத் தேட அவருக்குச் சோம்பல். வாசிக்காமலே கையெழுத்து வைத்தார். பாவம் எனக்குத்தான். அந்தப் பாவத்தோடு மத்தியானம் நிம்மதியாக மீன் குழம்பு தின்றேன்.

வெள்ளிக்கிழமைப் பூசை முடிந்து கூட்டம். முறைப்படி விலகுகிற வண்ணக்கர் கடிதத்தைப் பித்தளை வெற்றிலை வட்டாவில் வைத்து, மூலஸ்தானத்துக்கு முன்னால் ஏந்தி நிற்பார். செயலாளர் அதை எடுத்து வாசிப்பார். பிறகு வட்டாவை அவர் கையிலிருந்து வாங்குகிறவன் அடுத்த வண்ணக்கர். ஊருக்கே தெரிந்த முறை, எனக்கும் தெரியும். ஆகையால் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு தூணோடு நின்றேன். கடிதத்தைக் கேட்டதும் சனம் மாமாவை விடாது, நான் பஸ்ஸுக்கு ஓடலாம் என்பது திட்டம்.

செயலாளர் தொண்டையைச் செருமிக்கொண்டு கிட்ட வருவதற்குள் மாமாவின் முழங்கால் மடங்கியது. வட்டா சரிந்தது. வெற்றிலையும் பாக்கும் சாமி முன்னால் நிலத்தில் சிந்தினால் அந்த வருடம் ஊருக்கு ஆகாது என்பார்கள். எனக்கு அதிலெல்லாம் நம்பிக்கை இல்லை. ஆனாலும் பாய்ந்தேன். மாமா எப்படியோ நிமிர்ந்துவிட்டார். வட்டா என் கையில் இருந்தது.

பெண்கள் பக்கத்தில் குரவை ஒலி எழும்பியது.

"இல்ல, இல்ல! விழப் பாத்திச்சு, அதான் பிடிச்சனான்!"

"பிடிச்சாச்சுத்தானே மனே, இனி என்ன விளக்கம்?" என்றார் குரவையை முதலில் போட்ட மாமி. "கையக் கட்டிக்கிட்டு நிண்ட ஆள்தான் எல்லாருக்கும் முதல் பாஞ்சது!"

கூட்டம் சிரித்தது. செயலாளரும் சிரித்துக்கொண்டே என் தோளில் சால்வையைப் போட்டார். கடிதத்தை ஒருவரும் பிரிக்கவில்லை; ஈர வெற்றிலைக்கு அடியில் கிடந்து மை கரைந்துகொண்டிருந்தது.

மாமா ஓட்டோவில் ஏறியதும் நான் குனிந்து தலையை உள்ளே நீட்டினேன்.

"மாமா, நான் இத எப்ப விடலாம்?"

"உன்ட தங்கச்சிட மகன் வளரட்டும்."

"அவன் இன்னும் பால் குடிக்கான் மாமா!"

"அப்ப கெதியாக் குடிக்கச் சொல்லு. நான் வாறன், மருமகன்."