மதுரைக்குப் போன மாணிக்கமாலை

தோவாளையில் முத்துக்கனியைத் தெரியாதவர் யார்? அரளியை மடக்கி மடக்கி அவள் கட்டும் மாணிக்கமாலையைச் சுசீந்திரத்தில் பார்த்துவிட்டு, மதுரை ஜவுளிக்காரர் நாராயணபெருமாள் விசாரித்துக்கொண்டு வீட்டுக்கே வந்துவிட்டார். மகள் கல்யாணத்துக்கு இந்த மாலைதான் வேண்டுமாம்.

"எங்க ஊர்ல தெருவுக்கு மாசத்துப் பேரும்மா. மேலப்பக்கம், வருசம் பொறக்குற மாசத்து வீதி நம்ம வீடு. மறக்கவே மாட்டீங்க!" என்று சிரித்துவிட்டுப் போனார்.

தெருவுக்கு மாசத்துப் பேரா! திருவட்டாற்றைத் தாண்டிப் போயிராத முத்துக்கனிக்குத் தலைகால் புரியவில்லை. அது ஐம்பத்தாறு கார்த்திகை. நாஞ்சில்நாடு திருவிதாங்கூரை விட்டுச் சென்னை ராஜ்யத்தோடு சேர்ந்த சூடு ஆறாத நேரம். "மதுரை இப்பம் நம்ம ஊருல்லா!" என்று கணவன் பகவதியப்பனிடம் சொல்லிவிட்டு, மாலைக்கூடையை ஈரத்துணியால் மூடிக்கொண்டு பஸ் ஏறினாள். திருநெல்வேலியில் ரயில் பிடித்து, விடியும்போது மதுரையில் இறங்கினாள். முகூர்த்தத்துக்குள் மாலை போய்ச் சேரவேண்டும். சேராவிட்டால் தோவாளைப் பூவின் மானமே போச்சு.

ஊரா அது! சுசீந்திரத்தில் ரதவீதி ஒரு சுற்று. இங்கே கோவிலை நடுவில் வைத்து, பெட்டிக்குள் பெட்டியாகச் சுற்றுக்குள் சுற்று! வெளிவீதி, அதைத் தாண்டி மாசிவீதி, அதையும் தாண்டி ஆவணிமூலவீதி. எதிரே மேலக்கோபுரம் வானத்தை முட்டுகிறது. "எம்மா, இப்படியும் ஒரு பட்டணமா!" என்று வாய்விட்டே சொன்னாள்.

ஆவணி! அவள் ஊரில் எண்ணுகிற கொல்லம் ஆண்டு பிறக்கிற மாசமாயிற்றே. மேல ஆவணிமூலவீதியில் திரும்பி அந்தக் கோடிவரை போய் வந்தாள். பந்தல் இல்லை, வாழைமரம் இல்லை, மேளமும் இல்லை. கேட்டவர்களெல்லாம், நாராயணபெருமாள் வீடா, தெரியாதே என்றார்கள். வெயில் வேறு ஏறிவிட்டது. துணியைத் தொட்டுப் பார்த்தாள், ஈரம் காய்ந்துகொண்டிருந்தது.

கடை திறந்துகொண்டிருந்த ஒருவரிடம் அழாத குறையாகக் கேட்டாள்.

"அண்ணாச்சி, வருஷம் பொறக்குத மாசத்து வீதி இதுதான?"

"என்னம்மா, வருசம் சித்திரையிலல்ல பொறக்கும்?"

"எங்க ஊருல ஆவணியிலல்லா பொறக்கும்!"

அவர் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். "கோபுரத்தைப் பார்த்து நேரே போங்க. அடுத்த வீதி சித்திரை வீதிதான்."

ஒரே ஒரு வீதி! எந்தக் காலத்து ராஜாவோ நூல் பிடித்துப் போட்ட ஊர், பிழைத்துப்போ என்று வழிவிட்டது. அந்த மகராசன் நல்லா இருக்கட்டும் என்று வாழ்த்திக்கொண்டே ஓடினாள். திரும்பியதுமே நாகசுரம் கேட்டது. பந்தல் வாசலில் நாராயணபெருமாள் கையைப் பிசைந்துகொண்டு நின்றார்.

"எங்கம்மா போனீங்க?"

"ஆவணியிலயே நின்னுட்டேன் அண்ணாச்சி!" என்று கூடையைத் திறந்தாள். வாடவில்லை, ஒரு பூகூட வாடவில்லை! பெண் கழுத்தில் மாலை ஏறியபோது பந்தலில் இருந்தவர்கள் எட்டி எட்டிப் பார்த்தார்கள். முத்துக்கனிக்குச் சந்தோஷத்தில் கண்ணீர் பொலபொலவென்று உதிர்ந்தது.

சாப்பாட்டுப் பந்தியிலேயே மாப்பிள்ளையின் சித்தப்பா வந்து நின்றார். தையில் அவர் வீட்டிலும் கல்யாணமாம், அதற்கும் இதே மாலைதானாம். "வீடு எங்கன்னா, வருசத்தோட கடைசிக்கு முந்தின மாசம் இருக்கில்ல..." என்று ஆரம்பித்தார்.

"ஐயோ அண்ணாச்சி!" என்று முத்துக்கனி இலையை விட்டே எழுந்துவிட்டாள். "மாசிவீதின்னு நேரே சொல்லும். எத்தனாவது மாசம்னு மட்டும் சொல்லாண்டாம், கேட்டீரா!"