செல்லியம்மாள் எடுத்த தொக்கம்

வடக்கனந்தலில் செல்லியம்மாள் என்று கேட்டால் போதும், யாரும் வீட்டைக் கைகாட்டி விடுவார்கள். சோறு இறங்காமல் வாந்தி எடுக்கும் குழந்தைக்குள் ஏதோ சிக்கியிருக்கிறது என்பது அந்தப் பக்கத்து நம்பிக்கை. அதற்குத் தொக்கம் என்று பேர். செல்லியம்மாள் குழந்தையின் தொண்டைக்குழியில் பித்தளைக் குழலை வைத்து உறிஞ்சி, ஒரு மல்லாட்டைப் பருப்பை, அதாவது வேர்க்கடலையை, தட்டில் துப்புவாள். பெற்றவள் கண்ணீரோடு கும்பிடுவாள். பருப்பு முன்பே தன் கன்னத்தில் இருந்தது என்பது செல்லியம்மாளுக்கு மட்டுமே தெரியும். பாதிக் குழந்தைகள் தானாகத் தேறிவிடும். அந்தப் பெருமையை வாங்கிக்கொள்ள இருபது வருஷத்தில் அவள் ஒருநாளும் கூசியதில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கல்வராயன் மலையிலிருந்து பாப்பாத்தி என்பவள் தன் இரண்டு வயது ராசுவைத் தூக்கிக்கொண்டு வந்தாள். நேற்று சாயங்காலத்திலிருந்து எச்சில்கூட விழுங்கவில்லையாம். பையன் அழவில்லை. இமைக்காமல் செல்லியம்மாளையே பார்த்துக்கொண்டிருந்தான். அவள் வழக்கம்போல் உறிஞ்சி, பருப்பைத் துப்பினாள். பாப்பாத்தி நிம்மதியாக மடியிலிருந்த வாழைப்பழத்தை எடுத்து உரித்தாள்.

அப்போது ராசுவின் கடைவாயிலிருந்து எச்சில் வழிந்து செல்லியம்மாளின் கையில் பட்டது. கறுப்பாக இருந்தது. துடைத்தாள், மறுபடி வழிந்தது. பையன் கையிலிருந்த திருவிழாப் பொம்மையின் வயிற்றை அமுக்கிக்கொண்டே இருந்தான். அமுக்கினால் அதன் கண்கள் சிவப்பாக எரியுமாம், நேற்றிலிருந்து எரியவில்லையாம், பாப்பாத்தி சொன்னாள். செல்லியம்மாள் பொம்மையை வாங்கித் திருப்பினாள். முதுகில் மூடி இல்லை. ஒரு ரூபாய்க் காசு அளவுக்கு வட்டமாக ஒரு குழி, அதற்குள் ஒன்றும் இல்லை. பொம்மையின் கண்ணில் எரிந்தது இப்போது பிள்ளைக்குள் எரிந்துகொண்டிருக்கிறது என்று அவளுக்குப் பட்டது. வாழைப்பழத்தைத் தட்டிவிட்டாள்.

"பேட்டரி உள்ளார போயிருக்கு. புள்ளையத் தூக்கிக்கினு பெரியாஸ்பத்திரிக்கு ஓடு."

பாப்பாத்தி அசையவில்லை. தட்டிலிருந்த பருப்பைக் காட்டினாள். "அதான் எடுத்துட்டீங்களே. என் கண்ணால பார்த்தனே."

எடுத்தது பொய் என்று செல்லியம்மாள் சொல்லிப் பார்த்தாள். அம்மா தன்னடக்கத்தில் பேசுகிறாள் என்று பாப்பாத்தி இன்னும் குனிந்து கும்பிட்டாள். வரிசையில் காத்திருந்த பெண்களும் கும்பிட்டார்கள். பையனின் மார்பு இழுத்து இழுத்து ஏறியது. செல்லியம்மாள் மறுகன்னத்தில் அடுத்த குழந்தைக்கென்று ஒதுக்கியிருந்த பருப்பை பாப்பாத்தியின் உள்ளங்கையில் துப்பினாள்.

"இது எந்தப் புள்ள வவுத்துலேர்ந்து வந்துச்சு? சொல்லு."

பாப்பாத்தி கையைப் பார்த்தாள், பிள்ளையைப் பார்த்தாள், எழுந்து ஓடினாள். ஷேர் ஆட்டோவில் செல்லியம்மாளும் ஏறிக்கொண்டாள். கள்ளக்குறிச்சியில் எடுத்த எக்ஸ்ரேயில் விலா எலும்புகளுக்கு நடுவே வெள்ளையாக ஒரு வட்டம் இருந்தது. பேட்டரி உணவுக்குழாயை அரித்துக்கொண்டிருந்தது, இன்னும் சில மணி நேரம் போயிருந்தால் பிள்ளை இல்லை என்றார் டாக்டர். சேலத்துக்கு அனுப்பி எடுத்தார்கள். ராசு பிழைத்தான்.

செல்லியம்மாள் குழலைக் கிணற்றில் போட்டாள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை கதவைத் திறந்தால் வாசலில் இரண்டு மடங்கு கூட்டம். பேட்டரியையே உறிஞ்சி எடுத்தவள் என்று மலை முழுக்கப் பேச்சாகியிருந்தது. எல்லாரையும் ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னாள், ஒருத்தியும் எழவில்லை. கடைசியில் கன்னத்தில் பருப்பு எதுவும் இல்லை என்று தன் வெறும் வாயை அகலத் திறந்து காட்டினாள். முன்னால் இருந்தவள் பக்தியோடு கன்னத்தில் போட்டுக்கொண்டு, தன் குழந்தையின் வாயையும் அதேபோலத் திறந்து பிடித்தாள்.