விசிறிக்குப் போகும் வரிகள்

சத்தம் போடாத பிழை

நிரலை ஓட்டிப் பார்த்தேன், நெல் காயவைக்கும் ட்ரையரின் விசிறி அசையவில்லை. வேறொருவர் எழுதிய நிரலுக்குள் கைவைத்துப் பிழைக்கும் நமக்கெல்லாம் இது புதிதல்ல. ஆனால் ஆலை வாசலில் விவசாயி தவராசா அண்ணையின் உழவு இயந்திரப் பெட்டியில் ஈரநெல் படங்கின் கீழ் சூடேறிக்கொண்டிருந்தது. நாளைக்குள் காயாவிட்டால் முளைத்துவிடும்.

பூநகரி வீதியிலுள்ள அந்த அரிசி ஆலையின் பழைய கணினி எரிந்துவிட்டது. ட்ரையரை இயக்கும் சி மொழி நிரலைப் புதியதில் கட்டி ஓடவைக்க வந்திருந்தேன். விசிறிக்குக் கட்டளை போகும் இடத்தில் மட்டும் நடுவே சில அசெம்பிளி வரிகள், செயலியோடு நேரடியாகப் பேசுபவை. அவற்றை எழுத இரண்டு முறைகள். இன்டெல் முறையில் தரவைப் பெறுமிடம் முதலில், கொடுக்குமிடம் பிறகு. ஏடி அன்ட் டி முறையில் நேர்மாறு. முன்பு நிரலை எழுதியவர் இன்டெல்லில் எழுதியிருந்தார். நிரலைக் கணினிக்குப் புரியும் வடிவாக்கும் என் கொம்பைலர் மற்றதைக் கேட்டது. நான் அந்த முறைக்கு வேண்டிய சதவீதக் குறிகளைப் போட்டுவிட்டு இடம்மாற்ற மறந்திருந்தேன். கொம்பைலர் பேசாமல் ஏற்றுக்கொண்டது. இதை விளக்கியபோது ஆலைக்காரி சறோசா அக்கா சொன்னா:

“அப்ப பிழையெண்டும் சொல்லாது, வேலையும் செய்யாது. எங்கட மனுசன் மாதிரித்தான்.”

நான் எழுதாத வரிகள்

என்னோடு வேலைசெய்யும் ரிஸ்வானுக்கு முல்லைத்தீவுக்குப் போன் எடுத்தேன். இன்டெல்லைத் தவிர வேறெதையும் தொடமாட்டான். “ஒவ்வொண்டா மாத்திக்கொண்டிருக்காத. பழைய வரியள அப்பிடியே வைச்சு, மேல இன்டெல் எண்டு ஒரு கட்டளை போடு” என்றான்.

போட்டேன். நான் எழுதாத வரிகளிலெல்லாம் பிழை வந்தது. அவை கொம்பைலர் தானாக எழுதியவை, ஏடி அன்ட் டி முறையில். என் கட்டளை அவற்றையும் இன்டெல்லாக வாசிக்கவைத்திருந்தது. முறையை மாற்றியவர்தான் தன் வரிகளின் முடிவில் அதைத் திருப்பி மாற்றவும் வேண்டும்.

அந்த நேரம் முற்றத்தில் ஆரவாரம். தவராசா அண்ணை திறந்தபடி விட்ட படலையால் மாடொன்று நுழைந்து படங்குக்குள் தலையை விட்டிருந்தது. ரிஸ்வானுக்குப் போனில் எல்லாம் கேட்டது.

“மச்சான், அங்க ஆரை முதல்ல கலைக்கிறது? மாட்டையா, உன்னையா?”

இரண்டும்

திருப்பும் கட்டளையைச் சேர்த்துவிட்டுப் போயிருக்கலாம். ஆனால் அடுத்தமுறை ரிஸ்வான் வந்து முழு நிரலையும் இன்டெல்லில் கட்டினால், அந்தக் கட்டளையே மிச்ச வரிகளை ஏடி அன்ட் டிக்குத் திருப்பி அவனை விழுத்தும். அப்போதும் யாருடையவோ நெல் வாசலில் நிற்கும். ஒவ்வொரு வரியையும் இரண்டு முறையிலும் எழுதி, நடுவே கோடிட்டு, அடைப்புக்குறிக்குள் வைத்தேன். தேவையானதைக் கொம்பைலர் எடுத்துக்கொள்ளும்.

“தம்பி, மழை துமிக்குது. இன்னும் எழுதுறீரோ?” என்றார் தவராசா அண்ணை.

“ஓம் அண்ணை. கொஞ்சம் பொறுங்கோ.”

இரண்டு முறையிலும் கட்டிப் பார்த்தேன். இரண்டு தரமும் விசிறி சுற்றியது. வரிகளைப் படமெடுத்து ரிஸ்வானுக்கு அனுப்பினேன். பதில் வந்தது:

“இவ்வளவு எழுதிற நேரத்துக்கு நீ இன்டெல்லையே பழகியிருக்கலாம்.”

நம் தொழிலில் விட்டுக்கொடுப்பது என்றால் ஒரே வேலையை இரண்டு தரம் செய்வது.

தவராசா அண்ணை நெல்லைக் கொட்டிவிட்டு உழவு இயந்திரத்தை வீதிக்கு எடுத்தார். அதை இயங்கவிட்டபடியே இறங்கி வந்து, படலையைச் சாத்திக் கொளுக்கியைப் போட்டுவிட்டுப் போனார்.