முப்பது வீடு, மூன்று கோயில்

என் இதயத்தில் ஓட்டை இருப்பதைக் கண்டுபிடித்தபோது எனக்கு ஒன்பது வயது. அப்பா ஜெர்மனியில், ஹம்பேர்க்கில் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்த எழுபதுகள் அவை. செப்டம்பரில் ஆபரேஷன், அதற்குள் பிள்ளை கொஞ்சம் வெயிலில் இருந்துவிட்டு வரட்டும் என்றார் டாக்டர். எனக்குக் கவலையே இல்லை. கிழிந்த பாவாடையைத் தைப்பதுபோலத் தைத்துவிடுவார்கள் என்று அம்மா சொல்லியிருந்தாள். முடிந்ததும் சைக்கிள் வாங்கித் தருவதாக அப்பா சொல்லியிருந்தார். நான் சைக்கிளின் நிறத்தைப் பற்றித்தான் யோசித்துக்கொண்டிருந்தேன்.

ஹம்பேர்க்கில் வெயிலுக்கு எங்கே போவது? மீன் டப்பாத் தொழிற்சாலையில் வேலை பார்த்த கீழ்வீட்டு ஸ்பானிய அத்தைதான் கைகொடுத்தார். ஆகஸ்டில் வழக்கம்போலத் தன் கிராமத்துக்குப் புறப்பட்டவர், அம்மாவையும் என்னையும் காரின் பின்சீட்டில் திணித்துக்கொண்டார். அப்பாவுக்கு லீவு கிடைக்கவில்லை.

அப்படி ஓர் ஊரை நான் அதற்குப் பிறகு பார்த்ததில்லை. கோதுமை அறுத்த வெறும் நிலத்துக்கு நடுவே முப்பது வீடு. அதற்கு மூன்று கோயில்.

"முப்பது வீட்டுக்கு மூணு கோயிலா? கும்பகோணமே தோத்துடும் போல" என்றாள் அம்மா.

ஊர் நடுவே, மணிக்கூண்டில் நாரைகள் கூடு கட்டிய மாதா கோயில். நுழைந்ததும் வெயில் போய்க் கிணற்றடிக் குளிர்ச்சி வந்தது. தூண்களின் உச்சியில் திராட்சைக் கொத்து, ஆட்டுக்குட்டி, நாக்கை நீட்டிய ஒருவன் என்று என்னென்னவோ செதுக்கியிருந்தார்கள். பல நூறு வருஷத்துக் கல் என்றார் அத்தை, தானே கட்டியதுபோல. கழுத்து வலிக்கும்வரை அண்ணாந்து பார்த்தேன்.

அம்மாவோ வாசலிலேயே செருப்பைக் கழற்றிவிட்டிருந்தாள். அங்கே யாரும் கழற்றுவதில்லை. கோயில் சாவி வைத்திருந்த பெண்மணி அம்மாவின் காலையே பார்த்தார். எனக்கு மானம் போயிற்று. அடுத்தது, கூரை இடிந்த கன்னியர் மடம். பீடம் இருந்த இடத்தில் அத்திமரம் முளைத்திருந்தது. அங்கேயும் செருப்பு வெளியே. உள்ளே சாமியே இல்லையே என்று சிணுங்கினேன்.

"இருந்த எடம்டி. பேசாம வா" என்றாள்.

மூன்றாவது, குன்றின்மேல் ஒரு சின்னக் கோயில். அரைமணி நேர ஏற்றம், முழுக்கச் சரளைக்கல். அம்மா செருப்பைப் போட்டுக்கொள்ளாமல் என் கையில் கொடுத்தாள். எனக்கு மூச்சு வாங்கும் என்று கழுதை ஏற்பாடு செய்திருந்தார்கள்; மகாராணியாட்டம் உட்கார்ந்திருந்தேன். கூட வந்த ஊர்ப்பெண்கள் மெல்லப் பேச்சை நிறுத்தினார்கள். அவர்களில் ஒருவர் தன் காலணியையும் கழற்றிவிட்டு அம்மாவுக்குப் பக்கத்தில் நடக்க ஆரம்பித்தார். பெரிய வேண்டுதல் உள்ளவர்கள்தான் இந்தப் பாதையில் வெறுங்காலோடு ஏறுவார்கள் என்று அத்தை என்னிடம் ஜெர்மனில் சொன்னார். அதெல்லாம் ஒன்றுமில்லை, கோயில் என்றால் எங்கள் பக்கம் அப்படித்தான் என்று நான் பெரிய மனுஷிபோல விளக்கினேன். அம்மாவுக்கும் ஜெர்மன் புரியும். அவள் சரளையில் அடுத்த அடியை எடுத்து வைத்தாள்.

மேலே, சுண்ணாம்பு அடித்த ஒரே அறை. சுவரெல்லாம் மெழுகில் செய்த கைகள், கால்கள், இதயங்கள். எவ்வளவு அழகான பொம்மைகள் என்று நான் சுற்றிச்சுற்றி வந்தேன். அம்மா வெகுநேரம் நின்றாள்.

இறங்கும்போதும் அவள் வெறுங்காலோடுதான் வந்தாள். குதிகாலில் ரத்தம் கசிந்தது. செருப்பு என் மடியிலேயே இருந்தது. கழுதைச் சவாரிக் குஷியில் கொடுக்க நான் மறந்துவிட்டேன், கேட்க அவள் மறந்துவிட்டாள் என்றுதான் அன்றைக்கு நினைத்தேன்.