கரோல் பாகில் இரண்டு சிவப்புக் கற்கள்

காலை ஆறரை மணிக்குத் தமிழ்நாடு எக்ஸ்பிரஸ் புது தில்லியில் நின்றது. சென்னையிலிருந்து ஏறத்தாழ இரண்டாயிரத்து இருநூறு கிலோமீட்டர், இடுப்பு விட்டுப்போயிருந்தது. ஊர் சுற்றிப் பார்க்க நான் வரவில்லை. என் மகள் கவிதா கல்லை மாற்றியவள் இல்லை என்று காட்ட வந்தேன்.

கல்யாணத்தில் மாப்பிள்ளை செந்திலுக்கு நான் போட்ட மோதிரத்தில் ஒரு மாணிக்கம். என் அப்பா ரங்கூனில் ஜோடியாக வாங்கியதில் ஒன்று அது. மற்றது என் விரலில் இருக்கிறது. போன மாதம் ஜோசியர் மாப்பிள்ளையை மாணிக்கம் அணியச் சொன்னாராம். சம்பந்தியம்மா அந்த மோதிரத்தைச் சோதனைக்குக் கொடுக்க, வந்த அட்டையில் மாணிக்கம் இல்லை, ‘ஸ்பினெல்’ என்கிற வேறு சிவப்புக் கல் என்று இருந்தது. நான் பொய்க்கல் கொடுக்கிற ஆள் இல்லையாம். ஆகவே பீரோ சாவி வைத்திருந்த கவிதாதான் மாற்றியிருக்க வேண்டுமாம். இப்படியும் ஒரு மரியாதை எனக்கு!

ஆட்டோவுக்கு இருநூறு ரூபாய் கொடுத்து, சரோஜினி நகர் குடியிருப்பில் இறங்கினேன். சம்பந்தியம்மா பிரயாணம் சௌகரியமா என்று விசாரித்தார். கவிதா என் முகத்தைப் பார்க்காமல் உப்புமா வைத்தாள்.

பதினோரு மணிக்கு நால்வரும் மெட்ரோவில் கிளம்பி, ராஜௌரி கார்டனில் மாறி, கரோல் பாக் போய்ச் சேர்ந்தோம். ஒரு மாடியில் கல் பரிசோதனைக்கூடம். கல்லுக்கு எழுநூறு ரூபாய். என் மோதிரத்தையும் கழற்றி வைத்தேன். அங்கிருந்த பெண் இரண்டையும் கருவியில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவர் இந்தியில் சொன்னதை மாப்பிள்ளை எனக்குத் தமிழில் சொன்னார். இரண்டுமே ஸ்பினெல், மண்ணில் விளைந்த அசல் கற்கள். மாணிக்கத்துக்குள் ஒளி இரண்டாகப் பிரியும், இதில் பிரியாது. மாணிக்கமும் ஸ்பினெலும் ஒரே சுரங்கத்தில் கிடைப்பதால் ராஜாக்களே ஏமாந்திருக்கிறார்களாம். முகலாயர்கள் தங்கள் பெயரை வெட்டி வைத்துக்கொண்ட ‘லால்’ இதுதான். இங்கிலாந்து மகுடத்தின் முகப்பில் மாணிக்கம் என்று வெகுகாலம் நம்பிய கல்லும் இதுவே.

நாற்பது வருஷமாக மாணிக்கம் என்று விரலை நீட்டிக்கொண்டு திரிந்தவன் நான். வெட்கமாக இருந்தது. அதைவிடக் கோபம் அதிகமாக இருந்தது.

“தப்பு எங்க அப்பாவோடது, என்னோடது. எம் பொண்ணு எதையும் மாத்தலை, சம்பந்தியம்மா” என்றேன்.

“அச்சா, அசல் கல்லுதானே, நல்லதாப் போச்சு. சலோ, சமையல் கிடக்கு” என்று அவர் படியிறங்கிவிட்டார். மாப்பிள்ளை மோதிரத்தை மாட்டிக்கொண்டு பின்னாலேயே போனார். ஒரு மாதம் ஒரு பெண்ணைத் திருடியாக வைத்திருந்ததற்கு இவ்வளவுதான்.

கவிதா படியில் நின்றுவிட்டாள்.

“கல்லுக்குச் சர்டிபிகேட் கிடைச்சிருச்சுப்பா. என்கிட்ட யாரும் ஒண்ணும் சொல்லலையே.”

மறுநாள் ஊர் திரும்ப எடுத்திருந்த டிக்கெட்டை அந்தப் படியிலேயே ரத்து செய்தேன். சம்பந்தியம்மா அவளிடம் தப்பு என்று வாய் திறந்து சொல்லும்வரை, சரோஜினி நகர் வீட்டுச் சோபாவை விட்டு நான் எழுந்திருப்பதாக இல்லை.