தொப்பியைக் கழற்றிய கண்டாக்கு

வானொலி நிகழ்ச்சியொன்றுக்கு விருந்தாளியாகப் போயிருந்தேன். "யாராவது ஒருத்தர் மாதிரி பேசுங்க, நாங்க கண்டுபிடிக்கிறோம்," என்றாள் அறிவிப்பாளப் பெண். சிரிக்கப் பார்த்தேன். சிறு வயதில் கேட்ட ஒரு குரல் நினைவுக்கு வந்தது.

அக்கரப்பத்தனைத் தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர் வரிசை வீடான லயத்தில் எங்கள் அறை. வெளியே மழை, உள்ளே ஈர விறகின் புகை. ரொட்டி சுடும் அம்மாவைச் சிரிக்கவைக்க, அப்பா தோட்டத்தை நிர்வகிக்கும் தொரையின் குரலில் அதட்டிக்கொண்டிருந்தார். கதவிடுக்கில் எட்டிப் பார்த்தேன். வாசலில், தொழிலாளர்களை மேற்பார்க்கும் கண்டாக்கு. அவர் சத்தம் போட்டால் மலையில் கொழுந்து பறிக்கும் அத்தனை பேரும் நடுங்குவார்கள். உள்ளே தொரைதான் இருக்கிறார் என்று நம்பி, தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்தபடி நனைந்துகொண்டிருந்தார்.

"அப்பா, வெளிய கண்டாக்கையா," என்றேன் மெதுவாக.

ரொட்டி தீய்ந்தது. அம்மா திருப்பவில்லை. பிடிபட்டால் வேலையும் போகும், லயமும் போகும். அப்பா அதே குரலில் சொன்னார்: "கண்டாக்கு, நீ போ. காலையில பெரட்டுல பேசறது."

"சரிங்க தொரை."

மறுநாள் காலை, வேலை பிரிக்க எல்லோரும் கூடும் பெரட்டில், "நேத்து லயத்துல சொன்னீங்களே," என்று கண்டாக்கு ஆரம்பித்தார். "நான் லயத்துக்கு வரல்லையே," என்றார் தொரை. கண்டாக்கின் பார்வை மெல்லத் திரும்பி அப்பாவின் மேல் நின்றது. ஆனால் வாய் திறக்கவில்லை. திறந்தால், ஒரு தொழிலாளியின் வாசலில் தொப்பியைக் கழற்றி நின்றதையும் சொல்ல வேண்டுமே.

ஒலிவாங்கியிடம் குனிந்து, "சரிங்க தொரை," என்றேன்.

"யாருங்க, தோட்டத்துத் தொழிலாளியா?" என்றாள் அவள்.

"இல்லங்க. எங்க கண்டாக்கையா."